ரித்திக்கின் வெள்ளிக்கிழமைகள்

பினாங்கு
3 செப்டம்பர் 2024

தனு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். இந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

என் எண்ணை நீ தடுத்து வைத்து ஏழு வருஷம் ஆகிறது. வேறு எண்ணிலிருந்து அழைத்தாலும் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் கடை முகவரிக்கு எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் தமிழ்க் கட்டுரைகளுக்கு நீதானே பிழை திருத்துவாய், இதையும் திருத்திக்கொள்.

விஷயம் ரித்திக் பற்றியது. உறுப்பினர் எண் 117, குவீன்ஸ்டவுன் மங்களம் அக்காவின் மகன். பதினொரு வயதில் சக்கர நாற்காலியில் முதல் தடவை நம் வாடகைக் கடைக்கு வந்தான். தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டே போகும் நோய் என்று அக்கா வாசலில் நின்றே சொன்னார். கடை இருக்கும் மூன்றாவது மாடிக்கு அவனை அடிக்கடி கூட்டி வர முடியாது என்பதால், நீயோ நானோ வெள்ளிக்கிழமை தோறும் அவன் வீட்டுக்கு கேம் டிஸ்க் கொண்டுபோவோம், பழையதை வாங்கி வருவோம். எட்டு வருஷம் அப்படிப் போனோம்.

நான் கடையை விட்ட பிறகும் அவனோடு ஆடுவதை விடவில்லை. அது உனக்குத் தெரியும், உன் கோபமே அதில்தான். பினாங்குக்கு வந்தபின் வாரத்தில் மூன்று நாள் மாலை ஏழு மணிக்கு நெட்டில் சேர்ந்து ஆடுவோம். கடைசியாக ஜூலை 24. அதற்குப் பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளிதான், ஆட வரவில்லை என்று அர்த்தம். நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது.

முதலில் என்மேல் சலிப்பு என்று நினைத்தேன். இருபத்தாறு வயசுப் பையன், நாற்பத்து நான்கு வயசுப் பெண்ணோடு எத்தனை காலம் ஆடுவான்? மூன்றாவது வாரம் கோபம் வந்து ஒரு வரி அனுப்பினேன்: "பெரிய ஆளாயிட்ட போல, பதில் போடக்கூட நேரமில்லையோ?" அதற்கும் பதில் இல்லை. அந்த வரியை அனுப்பியிருக்கக் கூடாது.

அக்காவின் பழைய எண் வேலை செய்யவில்லை. அவனைச் சேர்ந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் ஒருத்தனோடு பேசியிருக்கிறேன், அவனுக்கு ஒன்று என்றால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் சொல். ஒரு வரி போதும்.

ஜரீனா


சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
14 செப்டம்பர் 2024

ஜரீனாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பிழை நான்கு இருந்தது, திருத்தவும் இல்லை.

ரித்திக் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. 2017 ஆகஸ்டில் மங்களம் அக்கா கடைக்கு வந்து உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "ஜரீனா டவுன்லோட் பண்ணிக் குடுத்திருச்சும்மா, இனிமே டிஸ்க் வேணாம்" என்றார். நீ கடையை விட்டுப் போய் அன்றைக்கு ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

நீ போனதைக்கூட மறந்திருப்பேன். பாதிக் கடையில் மேசை போட்டு மணிக்கு இவ்வளவு என்று வாங்கி ஆடவிடலாம் என்றாய், நான் மறுத்தேன். "இந்தத் தொழில் செத்துப்போச்சு தனு" என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி, அது உன் முடிவு. ஆனால் நாம் இரண்டு பேரும் எட்டு வருஷம் போய்வந்த வீட்டுக்கு நீ தனியாகப் போய், இனி கடையே வேண்டாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டு வந்தாய். அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது அக்காவிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் போகவும் இல்லை. ஆக, அவன் உன் ஆள். என்னிடம் கேட்கிறாய்.

நீ சொன்னதுதான் நடந்தது, தெரிந்துகொள். டிசம்பர் 31 அன்று கடையை மூடுகிறேன். வாடகைக்கு எடுக்க மிச்சம் பதினொரு பேர். போன மாதம் ஒருவர் மகனுக்காக டிஸ்க் எடுத்துப் போனார், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். புதிதாக வாங்கிய மெஷினில் டிஸ்க் போடும் இடமே இல்லையாம். இப்போது கடைகளில் விற்கும் பல பெட்டிகளுக்குள் டிஸ்க்கும் கிடையாது, டவுன்லோட் செய்வதற்கான எண்கள் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. அதை நான் எப்படி வாடகைக்கு விட? என் இடத்துக்கு புருவம் திருத்தும் கடை வருகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு உறுப்பினர் இரண்டு வாரம் வராவிட்டால் நாம் வீட்டுக்குப் போன் போடுவோம். நீதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். நாற்பத்தொரு நாள் நீ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

வரும் வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். உனக்காக இல்லை.

தனுஷிகா


சிராங்கூன் சாலை
21 செப்டம்பர் 2024

ஜரீனா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். ரித்திக் உயிரோடு இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று போனேன். பழைய புளோக்கில் யாரும் இல்லை. மொத்தக் கட்டடத்தையும் காலி செய்து தகர வேலி போட்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்து மளிகைக் கடைக்காரர் பக்கத்துப் பேட்டையில் புதிய வீடுகளுக்குப் போய்விட்டார் என்று தெரிந்து, அவரிடம் போய் விசாரித்தேன். மங்களம் அக்கா தினமும் காலையில் அவர் கடையில் ரொட்டி வாங்குகிறாராம். அவர்தான் மாடி எண்ணைச் சொன்னார். இருபத்தொன்பதாவது மாடி.

அக்கா கதவைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று கேட்பார் என நினைத்து பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். முகத்தில் மூச்சுக் கருவியின் முகமூடி. நடுநடுவே எடுத்துவிட்டு மூன்று நான்கு சொல் பேசுவான், மறுபடி போடுவார்கள். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "தனுக்கா. வெள்ளிக்கிழமையா இன்னிக்கு?"

அவனுக்கு வலது கைக் கட்டைவிரல்தான் கடைசிவரை அசைந்துகொண்டிருந்தது, உனக்குத் தெரிந்திருக்கும். ஜூலை கடைசியில் அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்து கன்ட்ரோலரைப் பிடித்தபோது பொத்தான் அழுந்தவில்லையாம். அன்றைக்கே மெஷினில் நெட்டைத் துண்டிக்கச் சொல்லிவிட்டான். போனில் இருக்கும் கேம் ஆப்பில் வந்த உன் வரியை அக்கா அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பதில் எழுத வேண்டாம் என்றானாம்.

ஏனென்று நான் கேட்டேன். "ஜரீனாக்காகிட்ட சொல்லாதீங்க, பிளீஸ். அவங்க எனக்காக மெதுவா ஆடுவாங்க. இப்ப அதுவும் முடியாதுல்ல" என்றான்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கையில் ஒரு டிஸ்க் கொண்டுபோயிருந்தேன், பழக்கத்தில். கப்பல் கேம், ஒரு சின்னக் கப்பல் தீவு தீவாகப் போகும். "போடுங்கக்கா, நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க" என்றான். இருபது வருஷம் கேம் கடை வைத்திருக்கிறேன், எனக்கு ஆடத் தெரியாது என்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். கல்லாவில் நான், ஆட்டத்துக்கு நீ. நேற்று ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை கப்பலைப் பாறையில் மோதினேன். அவன் சிரித்ததில் மூச்சு வாங்கி, அக்கா வந்து நிறுத்தச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போவேன்.

தனுஷிகா


பினாங்கு
30 செப்டம்பர் 2024

தனு,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துக் கோபப்பட்டேன், இரண்டாவதைப் படித்தபின் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இருக்கிறான். அந்தக் கட்டைவிரலைப் பற்றி எனக்குத் தெரியாது. கடைசி மாதங்களில் அவன் தாமதமாகக் குதிப்பான், தாமதமாகச் சுடுவான். நெட் மெதுவாக இருக்கிறது என்பான். நம்பினேன்.

நீ எழுதிவிட்டாய், நானும் எழுதிவிடுகிறேன். 2017இல் இதைச் சொல்லத்தான் உன்னைப் பதினான்கு தடவை அழைத்தேன்.

நான் கடையை விட்ட பிறகு அவனிடம் விடைபெற ஒரு நாள் போனேன். வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். அக்கா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்துவிட்டார். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால் அவன் அப்போது முழு நாளும் வீட்டில்தான். தொலைக்காட்சியில் ஒரு கார்ப் பந்தயம், ஆட்டம் நின்றிருந்தது. அவன் ஆடவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "முடிச்சிட்டேன்க்கா. நாலு தடவ முடிச்சிட்டேன்" என்றான்.

வேறு கேம் போடேன் என்றேன். அவன் தன் கையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனால் மெஷின் வரை போக முடியாது, டிஸ்க்கை எடுத்து மாற்ற முடியாது. காலை ஏழே காலுக்கு அம்மா எதைப் போட்டுவிட்டுப் போகிறாரோ, மாலை ஆறு மணிவரை அதுதான். நாம் வெள்ளிக்கிழமை இரண்டு டிஸ்க் கொடுத்துவிட்டு மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வருவோம். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நாம் அதை யோசிக்கவில்லை, தனு. நீயும் இல்லை, நானும் இல்லை.

அன்றைக்கே டவுன்லோட் செய்து வைத்தேன். பதினொரு கேம். கட்டைவிரலாலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த மத்தியானம் எதையும் ஆடவே இல்லை, ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். அழைத்தேன், எடுக்கவில்லை. பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

அவனைப் பார்க்க வரவேண்டும். உன்னையும். மங்களம் அக்காவின் புது எண்ணைக் கேட்டு எழுது.

ஜரீனா


சிராங்கூன் சாலை
18 அக்டோபர் 2024

ஜரீனா,

உன் கடிதத்தைக் கல்லாவில் நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். பாதியில் கடையை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டேன்.

மங்களம் அக்காவிடம் கேட்டேன், நிஜமா என்று. "நீ எவ்ளோ ஆசையா கொண்டாந்து குடுப்ப. உன்கிட்ட எப்படிம்மா அதச் சொல்றது" என்றார். அட்டையைக் கொண்டுவந்த அன்றும் சொல்லத்தான் வந்தாராம். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

ரித்திக்கிடமும் கேட்டேன். அவன் சுலபமாகச் சொன்னான்: "வெள்ளிக்கிழமை பிடிக்கும்லா. மத்த நாள்தான் பிரச்சன."

ஏழு வருஷம் உன்னை எத்தனை திட்டியிருப்பேன் என்று இப்போது கணக்கெடுக்க முடியாது. மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், ஏதோ அலுவலகக் கடிதம் போலிருக்கிறது. அடித்துவிட்டேன். நீயே புரிந்துகொள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். மத்தியானத்தில் கடைக்கு யாரும் வருவதில்லை, பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். நான்காவது தீவுக்கு வந்துவிட்டோம். முன்பு போல மோதுவதில்லை. அவன் "இடது" என்று முழுதாகச் சொல்வதற்குள் என் விரல் போய்விடுகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு புயலைத் தாண்டினோம், முகமூடிக்குள்ளிருந்து அவன் "நைஸ்" என்றான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், ரயிலில், அதை நினைத்துக்கொண்டே போனேன். நாற்பத்து நான்கு வயதில் ஒருவர் என்னிடம் நன்றாக ஆடினாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

உனக்கு விஷயம் தெரியும் என்று அவனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு நீ எப்போது வருவாய் என்று கேட்டான்.

அக்காவின் எண்ணைக் கேட்டு அனுப்புகிறேன்.

தனு


பினாங்கு
2 நவம்பர் 2024

தனு,

கடிதத்தின் கீழே "தனு" என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நாலு தடவை பார்த்தேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலையில் பஸ் வந்து சேரும். மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை 12ஆம் தேதி, பத்து நாளில் அவர் தேறிவிடுவார். நேராகக் கடைக்கு வருகிறேன், அங்கிருந்து சேர்ந்து போகலாம். என்னைப் பார்த்ததும் நீ என்ன செய்வாய் என்று யோசித்தால் பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி கை வியர்க்கிறது. சிரிக்காதே.

அந்தக் கப்பல் கேமில் ஆறாவது தீவு ரொம்பக் கஷ்டம். நான் வந்தால் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவேன் என்று அவனிடம் சொல்.

அவனுக்கு என்ன வாங்கி வர? அவனால் இப்போது என்ன சாப்பிட முடிகிறது? எழுது. அக்காவின் எண்ணையும் மறந்துவிட்டாய்.

ஜரீனா


சிராங்கூன் சாலை
11 நவம்பர் 2024

ஜரீனா,

22ஆம் தேதி வேண்டாம். ரித்திக்குக்குச் சளி பிடித்திருக்கிறது. நுரையீரல் பலவீனமாக இருப்பதால் வெளியூரிலிருந்து யாரும் இப்போது வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் பத்து மணி நேரம் வருகிறாய், யாரிடமிருந்து என்ன தொற்று வருமோ. டிசம்பர் நடுவில் வா, அதற்குள் சரியாகிவிடும். 13ஆம் தேதி நல்ல நாள், வெள்ளிக்கிழமை.

அவன் இப்போது கஞ்சிதான் சாப்பிடுகிறான். ஒன்றும் வாங்கி வர வேண்டாம்.

தனு


பினாங்கு
20 நவம்பர் 2024

தனு,

டிக்கெட்டை 13க்கு மாற்றிவிட்டேன். டாக்டர் சொன்னால் சரிதான், நீ பக்கத்தில் இருக்கிறாய், உனக்குத்தான் தெரியும்.

கீழே எழுதியிருப்பதை அவனுக்குப் படித்துக் காட்டு. அப்படியே படி, திருத்தாதே.

"ரித்திக், பெரிய ஆளாயிட்டியான்னு கேட்டேனே, அத வாபஸ் வாங்கிக்கிறேன். நான் உனக்காக மெதுவா ஆடுனது உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு விஷயம் உனக்கும் தெரியாது. முதல் ரெண்டு வருஷந்தான் மெதுவா ஆடுனேன். அப்புறம் எனக்கே கண்ணு மங்கிடுச்சு, கண்ணாடி போட்டாச்சு. நீ ஜெயிச்சதெல்லாம் நெஜமாவே ஜெயிச்சதுதான்."

சளி எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

ஜரீனா


குவீன்ஸ்டவுன்
28 டிசம்பர் 2024

ஜரீனா,

மண்டாய் தகனச் சாலையில் நாம் மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ரித்திக் போன செய்தியை நான் போனில் சொன்னதும் நீ பிளேனில் வந்து இறங்கி நேராக வந்திருந்தாய். தோளில் பை இருந்தது, இறக்கி வைக்கக்கூட இல்லை. நான் உன் கையைப் பிடித்தேன், நீ விட்டுவிடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சளி உண்மை. லேசான சளி, நவம்பர் பத்தாம் தேதிக்குள் போய்விட்டது. அக்காவின் எண் செப்டம்பர் முதல் என் போனில் இருக்கிறது. உனக்குக் கொடுத்தால் நீ நேரடியாகப் பேசிவிடுவாய் என்று கொடுக்கவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். ஆறாவது தீவை ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். விளையாட்டாகத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் நீ வந்தால் கன்ட்ரோலர் உன் கைக்குப் போய்விடும் என்று தோன்றியது. நீ நன்றாக ஆடுவாய். அவன் சொல்வதற்கு முன்பே உனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கடையும் போகிறது, ஏழு வருஷம் நான் வைத்திருந்த கோபமும் தப்பு என்றாகிவிட்டது. மிச்சம் அந்தச் செவ்வாயும் வெள்ளியும்தான் எனக்கு இருந்தன. இன்னும் மூன்று வாரம் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம்தானே என்று நினைத்தேன். அதற்கு முன்பே போய்விடுவான் என்று சத்தியமாகத் தெரியாது.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "ஜரீனாக்கா எப்ப வர்றாங்க?" பதிமூன்று என்றேன். 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை கேட்டான், 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமையும் கேட்டான். அன்றைக்குப் புது நிமோனியா தொடங்கியிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை, களைப்பு என்று நினைத்தோம். "இன்னும் பத்து நாளா?" என்றான். அவ்வளவுதான். வியாழக்கிழமை காலையில் அக்கா எழுப்பப் போனபோது அவன் இல்லை.

நீ எழுதி அனுப்பியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். திருத்தவில்லை, ஒரு சொல் விடவில்லை. நீ கண்ணாடி போட்டிருக்கிறாய் என்பதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தான். மறுபடி படிக்கச் சொன்னான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

கடையை 20ஆம் தேதியே காலி செய்துவிட்டேன். டிஸ்க் சேகரிக்கும் ஒருவர் நல்லதாக ஒரு நூறு எடுத்துப் போனார். மற்றவற்றைக் கேட்பார் இல்லை. கப்பல் டிஸ்க் இங்கேதான் மெஷினுக்குள் இருக்கிறது. அக்கா எடுத்துத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். நீ என்ன எழுதினாலும் படிப்பேன். எழுதாவிட்டாலும் அது நியாயம்தான்.

தனுஷிகா


பினாங்கு
12 ஜனவரி 2025

தனுஷிகா,

எனக்குத் தெரியும்.

மண்டாயில் நீ பூ வாங்கப் போயிருந்தபோது மங்களம் அக்கா என் தலையைத் தடவி, "எப்ப வேணும்னாலும் வந்திருக்கலாமேம்மா, யாரு தடுத்தா?" என்று கேட்டார். சளி இருந்ததே, டாக்டர் வேண்டாம் என்றாரே என்றேன். அவருக்கு நான் என்ன பேசுகிறேன் என்றே புரியவில்லை. அப்புறம் நீ பூவோடு வந்தாய். மூன்று மணி நேரமும் நான் பையை இறக்காமல் நின்றது அதனால்தான். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அங்கேயே உன்னை அறைந்திருப்பேன், பிறகு கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். இரண்டும் நடக்கவில்லை. ஏர்போர்ட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

ஒரு மாதத்துக்கு மேலாக இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னைக் குத்தும்படி எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அதில் பாதியை எழுத முடியவில்லை, ஏனென்றால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

வேண்டாம் என்று நீ எழுதியபோது எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்கும் நாள் தள்ளிப் போனதே என்ற நிம்மதி. டாக்டர் சொன்னார் என்றதைக் கேள்வி கேட்காமல் நம்பினேன். அந்த வார்த்தைகள் உன்னுடையவை போல இல்லை என்று படிக்கும்போதே தோன்றியது. நீ ஒரு நாளும் நல்ல நாள் பார்த்தவள் இல்லை. தோன்றியும் டிக்கெட்டை மாற்றினேன். உன்னைக் கேட்காமலே பஸ் ஏறியிருக்கலாம். இருபத்தொன்பதாவது மாடி என்று நீயே எழுதியிருந்தாய், குவீன்ஸ்டவுனில் இறங்கி நாலு பேரிடம் கேட்டால் சொல்லியிருப்பார்கள். நீ ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்தாயே.

அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை, தனு. "இன்னும் பத்து நாளா" என்று அவன் கேட்டதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியது நல்லது. ஆனால் தொழுகையில் உட்கார்ந்தாலும் அதுதான் காதில் கேட்கிறது.

மங்களம் அக்காவோடு இப்போது ஞாயிறு தோறும் பேசுகிறேன். நீ இன்னும் செவ்வாயும் வெள்ளியும் அங்கே போவதாகச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பீர்களாம். அதை நிறுத்தாதே. அவருக்கு நீ செய்தது தெரியாது, நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்லாதே. உன் மனசு லேசாவதற்காக அவரிடம் போய் அதை இறக்கி வைக்காதே.

இந்த வருஷம் நான் சிங்கப்பூருக்கு ஒரு தடவைதான் வருவேன். அவன் திதிக்கு. அக்கா தேதியை விசாரித்துச் சொல்கிறேன் என்றார். உங்கள் சடங்கில் எனக்கு என்ன இடம் என்று தெரியவில்லை, வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அக்காவிடம் கேட்டேன், காலையில் ஐயர் வருவார், மாலையில் வீட்டு மனுஷர்கள் வருவார்கள் என்றார். நீ காலையில் போய் வேலைகளைச் செய்து கொடு. நான் மாலையில் வருகிறேன். என்னைப் பார்க்கவேண்டும் என்பதற்காக நீ காத்திருக்க வேண்டாம்.

ஆனால் பாத்திரம் கழுவுவதில், அக்காவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் உனக்கு நேரமாகிவிட்டால், நான் வருகிறேன் என்பதற்காக அவசரமாகக் கிளம்பவும் வேண்டாம்.

ஜரீனா